முன் ஒப்பாரி

ஜனவரி 8

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். இங்கே உன் அண்ணியின் முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. எனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதாம். டாக்டர் உப்பைத்தான் குறைக்கச் சொன்னார், உன் அண்ணி என் பேச்சையும் சேர்த்துக் குறைத்துவிட்டாள். போன மாதம் வழுக்கி விழுந்தாயே, அந்தக் கால் எப்படி இருக்கிறது? மாப்பிள்ளைக்கு இருமல் விட்டதா?

விஷயத்துக்கு வருகிறேன். நீ நிர்வகிக்கும் நம் குளிர்பதனக் கிடங்கை முழுதாக வாடகைக்குக் கேட்டு ஒரு பெரிய நிறுவனம் வந்திருக்கிறது. மூன்று அறைகளும் அவர்களுக்கே. சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் மாதம் பிறந்தால் வாடகை. ஆனால் இப்போது பெட்டிக்கு இவ்வளவு என்று வைத்திருக்கும் சின்ன வியாபாரிகளை எல்லாம் அனுப்பிவிட வேண்டும். சித்தப்பா மகன்கள் இரண்டு பேரும் பங்குதாரர்கள் இல்லையா, “இன்னைக்கே கையெழுத்துப் போடு” என்று குதிக்கிறார்கள். நான்தான் மதில்மேல் பூனையாக உட்கார்ந்திருக்கிறேன்.

அதனால்தான் போன் பண்ணாமல் எழுதுகிறேன். “வாயால பேசினா சண்டை, கையால எழுதினா யோசனை” என்று அப்பா சொல்வாரே. அவர் ஏற்படுத்திய வழக்கப்படி இதற்கு ஒரு முன் ஒப்பாரி வேண்டும். உன்னைவிட நன்றாக அழ இந்தக் குடும்பத்தில் யாருக்கும் வராது. சட்டமெல்லாம் நினைவிருக்கிறதா? ஒரு வருடம் கழிந்துவிட்டது, திட்டம் செத்துக் கிடக்கிறது என்று வைத்துக்கொண்டு, ஏன் செத்தது என்று எழுத வேண்டும். பேனைப் பெருமாள் ஆக்கலாம். ஒருத்தரையும் விட்டுவைக்கக் கூடாது, அழுகிறவளையும் சேர்த்து. படித்தவுடன் கிழித்துவிடுவேன், மூன்றாம் ஆள் கண்ணில் படாது.

நீ எழுதுவதைப் பார்த்த பிறகுதான் என் முடிவு. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணன்


ஜனவரி 19

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது, வாய்தான் இன்னும் வடியவில்லை என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. அவருடைய இருமல் எங்கள் வீட்டில் நிரந்தர உறுப்பினர் ஆகிவிட்டது. அண்ணியை மாடிப்படி ஏறவிடாதீர்கள்.

கேட்டபடி அழுதிருக்கிறேன். அப்பா வழக்கப்படி ஒப்பாரி முதல் தாளில், நிஜம் இரண்டாம் தாளில்.

முதல் தாள்:

ஐயோ, போச்சே! மூன்று அறையும் காலியாகக் கிடக்கிறதே! நாற்பது வியாபாரிகளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளிவிட்டு ஒரே ஒருத்தனை நம்பினோமே. நாற்பது பேரில் நாலு பேர் போனால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. இந்த ஒருத்தன் போனதும் கிடங்கே போய்விட்டது. அவனுக்கோ உறைய வைக்கும் குளிர் வேண்டும். ஆப்பிளுக்கும் கிழங்குக்கும் வாங்கிய கம்ப்ரசர்கள் மூச்சு வாங்கிச் செத்தன. அதை யார் கவனித்தது? எதைச் சொன்னாலும் ‘ஆகட்டும்’ என்பதால் ‘ஆகட்டும்’ என்றே பெயர் பெற்ற நம் ஃபோர்மேன்தான். அவர் மெஷின்களைக் காதால் ஓட்டுகிறவர். பேரிங் தேய்ந்தால் சத்தத்திலேயே சொல்லிவிடுவார். அந்தக் காதுகளில் இடது காது மந்தமாகிவிட்டது. அதை மறைத்தது யார்? நிர்வாகி என்று நாற்காலியில் உட்கார்ந்திருந்த மகராசிதான். தராசைப் பார்த்து முடிவெடுக்கத் தெரியாதவள், முகத்தைப் பார்த்து முடிவெடுக்கிறவள். வழுக்கி விழுந்த நாளிலிருந்து மெஷின் அறைக்குள் இறங்கவே பயந்தவள். அவளை நம்பிக் கிடங்கைக் கொடுத்த அப்பாவைச் சொல்ல வேண்டும்!

இரண்டாம் தாள்:

மூக்கைச் சிந்தியாகிவிட்டது. இனி நிஜம். ஆகட்டும் தன் காது விஷயத்தை எனக்கு மட்டும் சொன்னார். சொன்ன வாரமே ஒவ்வொரு மெஷினுக்கும் எச்சரிக்கை விளக்கு வைத்தேன். அவரோடு எப்போதும் இன்னொருவர் இருக்கும்படி வேலை நேரத்தை மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு மெஷின்கூட நின்றதில்லை. அவரை அனுப்பியிருந்தால் எனக்குக் கிடைத்திருக்கக்கூடியது நல்ல காதுள்ள, ஒன்றும் தெரியாத ஆள். மெஷின் அறைக்கு நான் தினமும் காலையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறேன்.

நிறுவனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்களா, இருப்பார்களா, நம் மெஷின் தாங்குமா, எதுவும் நமக்குத் தெரியாது. தெரியாதபோது ஆழம் பார்க்க யாராவது இரண்டு காலையும் விடுவார்களா? மூன்றாம் அறையை மட்டும் ஒரு வருடத்துக்குக் கொடுங்கள். சரியாக வந்தால் அடுத்த அறை. வராவிட்டால் சேதம் ஓர் அறையோடு போகும். வியாபாரிகளும் நம்மோடு இருப்பார்கள். இதுதான் என் கருத்து.

முதல் தாளை மறக்காமல் கிழித்துவிடுங்கள்.

அன்புத் தங்கை


பிப்ரவரி 2

அன்புள்ள தங்கைக்கு,

நீ நலமாக இருப்பது அறிந்து மகிழ்ச்சி. அழகாக அழுதிருந்தாய், சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சொன்னபடி கிழித்தும் விட்டேன். இன்னும் ஒரு முடிவுக்கும் வரவில்லை, பல கோணங்களிலும் பார்க்க வேண்டியிருக்கிறது.

ஃபோர்மேனுக்கு ஓய்வு பெற இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது? சும்மாதான் கேட்டேன். அண்ணி உன்னை மிகவும் விசாரித்தாள்.

அண்ணன்


பிப்ரவரி 21

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே யாரும் படுக்கையில் இல்லை. உங்கள் ரத்த அழுத்தம் எப்படி? ஃபோர்மேனுக்கு இன்னும் நாலு வருடம் இருக்கிறது.

நேற்று அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நீங்கள் அனுப்பியதாகச் சொன்னார்கள். ஒருவர் டேப்பை நீட்டிக் கதவுகளை அளந்தார். இன்னொருவர் எதையும் அளக்கவில்லை. மெஷின் அறைக்குள் இறங்கினார், நேராக ஆகட்டும் அருகே போனார், அவருடைய இடது பக்கமாக நின்றுகொண்டு மெதுவாக ஏதோ கேட்டார். ஆகட்டும் முன்னால் பார்த்தபடி இருந்தார். அந்த மனிதர் மறுபடியும் கேட்டார். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன்பின் தெரியாதவர் எப்படிச் சரியாக இடது பக்கம் போய் நின்றார், அண்ணா? தற்செயலாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த பருவத்துக்கு இடம் உண்டா என்று ஆப்பிள்காரர் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டார். உங்கள் முடிவு தெரியாமல் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தே சமாளிக்கிறேன். சீக்கிரம் எழுதுங்கள்.

தங்கை


மார்ச் 6

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்களிடமிருந்து பதில் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

இன்று வியாபாரிகள் எல்லோருக்கும் தபாலில் நோட்டீஸ் வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் சரக்கை எடுத்துக்கொள்ளச் சொல்லி. எனக்கு ஒன்றும் வரவில்லை. உருளைக்கிழங்கு மாமா நோட்டீஸை என் மேஜைமேல் போட்டு, “உனக்குத் தெரியாதுன்னு சொன்னா நான் நம்பணுமாம்மா?” என்று கேட்டார். உண்மையைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவர் இடத்தில் இருந்தால் நானும் நம்பியிருக்க மாட்டேன்.

தங்கை


மார்ச் 13

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சுகம். வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை, தப்பாக நினைக்காதே.

நிறுவனத்தோடு ஒப்பந்தம் முடிந்துவிட்டது. மூன்று அறைகளும், மூன்று வருடம். நிர்வாகத்தையும் அவர்கள் ஆளே பார்த்துக்கொள்வார் என்பது அவர்கள் நிபந்தனை. திங்கட்கிழமை வருகிறார், சாவியை அவரிடம் கொடுத்துவிடு. ஃபோர்மேனையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிட்டார்கள். பாதுகாப்பு விஷயத்தில் அவர்கள் ரொம்பக் கறார்.

சித்தப்பா மகன்கள் முதலில், “அக்காவை எப்படி எடுக்கறது, என்ன காரணம் சொல்றது?” என்று தயங்கினார்கள். அதற்காகத்தான் நீ எழுதியதைக் கூட்டத்தில் படிக்க வேண்டியதாயிற்று. ஒரு வரியைக்கூட நான் மாற்றவில்லை. உன் வாயாலேயே வந்தது என்பதால் யாருக்கும் சங்கடம் இல்லாமல் போயிற்று. யோசித்துப் பார், காலை உடைத்துக்கொண்டு படியிறங்கும் வேலை உனக்கு எதற்கு? எல்லாம் உன் நன்மைக்குத்தான்.

மாப்பிள்ளையின் இருமலுக்கு நல்ல டாக்டர் இங்கே இருக்கிறார்.

அண்ணன்


மார்ச் 20

அண்ணனுக்கு,

நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று கேட்கவும் இன்று மனம் வரவில்லை.

சாவியைக் கொடுத்துவிட்டேன். புது நிர்வாகி மரியாதையான மனிதர். ஒப்படைப்புக்காக ஒப்பந்தத்தின் நகலைக் காட்டினார். அதில் உங்கள் கையெழுத்துக்குக் கீழே டிசம்பர் மாதத் தேதி இருக்கிறது. ஜனவரியில் என்னிடம் மதில்மேல் பூனை என்று எழுதினீர்கள். பூனை எப்போதோ குதித்துவிட்டது. என்னை வேலையை விட்டு எடுப்பது என்று முடிவு செய்த பிறகு, அதற்குக் காரணத்தையும் என்னிடமே எழுதி வாங்கினீர்கள்.

ஒரு வரியும் மாற்றவில்லை என்கிறீர்கள். முதல் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறவனுக்கு வரியை மாற்ற வேண்டிய அவசியம் என்ன?

அப்பா தன் பங்கை உங்கள் பெயரில் பத்திரம் எழுதினார், சாவியை என் கையில் கொடுத்தார். பத்திரத்தைப் பற்றி நான் ஒரு நாளாவது வாயைத் திறந்திருக்கிறேனா? “இந்த வேலைக்கு நீ வேண்டாம்” என்று நேராகச் சொல்லியிருந்தால் ஒரு மாதம் சண்டை போட்டிருப்பேன், அப்புறம் உங்கள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பேன். நீங்கள் நம்ப வைத்துக் கழுத்தை அறுத்தீர்கள். என் கழுத்தை மட்டும் அறுத்திருந்தால்கூடப் போகிறது. இன்னொரு மனிதர் என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் சொன்னதை நான் உங்களிடம் சொன்னேன். அதை வைத்து அவர் சோற்றில் கை வைத்தீர்கள்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. அடங்கும் வரை எழுத வேண்டாம்.

தங்கை


ஏப்ரல் 4

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

முன்னாள் ஃபோர்மேன் எழுதுவது. தாங்களும் ஐயாவும் சுகமாக இருக்க வேண்டும். என் வீட்டிலும் சுகமே.

என்னை அனுப்பிய அன்று புதியவர் ஒரு தாளைக் காட்டினார். நகல்தான், ஆனாலும் தங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எத்தனை வருடம் தாங்கள் எழுதிக் கொடுத்த சீட்டைப் பார்த்து வேலை செய்திருக்கிறேன். ஆளுக்குக் காது மந்தம், அதை நிர்வாகி மறைத்தார் என்று அதில் இருந்தது. மற்றவர்களும் சுற்றி நின்றார்கள். புதியவர் எனக்குக் கேட்க வேண்டும் என்று உரக்கப் படித்தார்.

அம்மா, காது விஷயத்தை நான் என் வீட்டுக்காரியிடம்கூடச் சொன்னதில்லை. தங்களிடம்தான் சொன்னேன். தங்களுக்கு ஏதாவது கட்டாயம் இருந்திருக்கலாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பேன்.

இப்படிக்கு,
முன்னாள் ஃபோர்மேன்


ஏப்ரல் 9

அன்புள்ள ஆகட்டும் அவர்களுக்கு,

உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். என் நலம் கிடக்கட்டும்.

அந்தத் தாளை நான்தான் எழுதினேன் என்பது உண்மை. அது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு காரியம் கெட்டுப்போகும் என்று வைத்துக்கொண்டு, இருக்கும் ஓட்டையை எல்லாம் ஊதிப் பெரிதாக்கி எழுதுவோம், கெடாமல் பார்த்துக்கொள்வதற்காக. கூடவே இரண்டாம் தாள் ஒன்றும் எழுதினேன். எச்சரிக்கை விளக்கு வைத்ததையும், நீங்கள் இருக்கும்வரை ஒரு மெஷினும் நின்றதில்லை என்பதையும் அதில் எழுதியிருந்தேன். அந்தத் தாளை அண்ணன் யாருக்கும் காட்டவில்லை.

வழக்கம் எங்கள் வீட்டுடையது, காது உங்களுடையது. உங்களைக் கேட்காமல் அதை எழுதியிருக்கக் கூடாது. எத்தனையோ ஆபத்தை எண்ணிப் பார்த்த எனக்கு, கடிதத்தைப் படிக்கப்போகிறவரே ஆபத்து என்று தோன்றவில்லை. என்னை மன்னியுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நிர்வாகி


செப்டம்பர் 15

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

தங்கள் கால் குணமாகியிருக்கும் என்று நினைக்கிறேன். ஐயாவின் இருமல் எப்படி இருக்கிறது? பதில் எழுத இவ்வளவு நாள் ஆயிற்று, கோபம் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது.

இரண்டாம் தாள் இருந்தது என்கிறீர்கள். இருந்திருக்கும். எனக்குப் படித்துக் காட்டியது முதல் தாள்தான்.

ஒரு சேதி. நெடுஞ்சாலைப் பக்கம் புதிதாக ஒரு குளிர்பதனக் கிடங்கு வந்திருக்கிறது. நம் வியாபாரிகள் அத்தனை பேரும் அங்கே போய்விட்டார்கள். ஆப்பிள்காரர், உருளைக்கிழங்கு மாமா, ஒருவர் பாக்கி இல்லை. எல்லோரும் ஐந்து வருடத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பழைய இடத்தைப் பற்றிப் பேச்செடுத்தால், “செத்தாலும் அந்த வாசலை மிதிக்க மாட்டோம்” என்கிறார்கள். உருளைக்கிழங்கு மாமாதான் சொல்லி எனக்கும் அங்கே வேலை வாங்கிக் கொடுத்தார். வாசலில் லாரிகளை உள்ளே விடும் வேலை. மெஷின் பக்கம் போவதில்லை.

என் காது விஷயம் இங்கே யாருக்கும் தெரியாது. தங்களை ஒன்று கேட்கிறேன். வியாபாரிகள் இங்கே இருப்பதைத் தங்கள் அண்ணனுக்கு எழுத வேண்டாம். தெரிந்தால் மறுநாளே அவர்களைப் பிடிக்க இங்கே வந்து நிற்பார். வாசலில் நான்தான் நிற்கிறேன். மகள் கல்யாணம் இன்னும் முடியவில்லை.

இப்படிக்கு,
ஆகட்டும்


நவம்பர் 24

அன்புள்ள என் தங்கைக்கு,

எழுத வேண்டாம் என்றாய், எட்டு மாதம் எழுதவில்லை. நீயும் மாப்பிள்ளையும் நலமா? உன் அண்ணி முழங்காலுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டு இப்போது கைத்தடியோடு நடக்கிறாள். எனக்கு மாத்திரை இரண்டாகிவிட்டது.

கேள்விப்பட்டிருப்பாய். அந்த நிறுவனத்தை இன்னொரு நிறுவனம் வாங்கிவிட்டது. புதியவர்களுக்கு நம் கிடங்கு தேவையில்லையாம், ஒப்பந்தத்தில் இருந்த ஏதோ ஒரு பிரிவைக் காட்டிக் காலி செய்துவிட்டார்கள். நீ அழுததில் ஆள் போவான் என்பது ஒன்றுதான் பலித்தது. எப்படிப் போவான் என்று உனக்கும் தெரிந்திருக்கவில்லை. சித்தப்பா மகன்கள் தங்கள் பங்கைப் பிரித்துக்கொண்டு ஒதுங்கிவிட்டார்கள்.

இப்போது ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். கம்ப்ரசர்களைப் புதிதாகப் போட்டு, பழைய வியாபாரிகளையே திரும்ப அழைப்பது. அவர்கள் எங்கே போய்விடப் போகிறார்கள்? கூப்பிட்டால் ஓடி வருவார்கள் என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள். இந்த வீட்டை அடகு வைத்தால் வங்கியில் கடன் கொடுக்கிறோம் என்கிறார்கள். தேதிகூடக் குறித்தாயிற்று.

எனக்குப் பயமாக இருக்கிறது. யாரைக் கேட்டாலும் ஆமாம் என்கிறார்கள். என் சம்பளத்தை வாங்குகிறவர்கள் வேறு என்ன சொல்வார்கள்? உன்னைத் தவிர எனக்கு வேண்டாம் என்று சொல்ல ஓர் ஆள் இந்த உலகத்தில் இல்லை. அப்போது நான் செய்தது தப்புத்தான். நிலைமை அப்படி இருந்தது. அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் ஒரே ஒரு முறை அழுதுவிடு. நீ ஒரு வார்த்தை வேண்டாம் என்றால் போதும், நிறுத்திவிடுகிறேன்.

உன் அண்ணன்


டிசம்பர் 3

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். அண்ணி கைத்தடியோடு நடக்கிறார் என்று படித்தபோது வருத்தமாக இருந்தது. அவர் பால்கனியில் வைத்திருக்கும் செடிகளுக்குக் குனிந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம் என்று சொல்லுங்கள், வேறு யாராவது ஊற்றட்டும்.

ஒரு விஷயம் கட்டாயம் செய்ய வேண்டும். இரண்டாம் அறையின் அம்மோனியாக் குழாய்கள் பழையவை. நிறுத்தி வைத்ததைத் திரும்ப ஓட்டும்போது கசிந்தால் உள்ளே இருப்பவர் பிழைக்க மாட்டார். சோதித்துப் பார்க்காமல் ஒருவரையும் உள்ளே விடாதீர்கள். இதை நான் கருத்தாகச் சொல்லவில்லை. மனிதர் உயிர்.

திட்டத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு பல நாள் உட்கார்ந்திருந்தேன். ஒரு தரம் எழுதவும் எழுதினேன். நீங்கள் வளர்த்த தங்கைதானே, மனசு கேட்கவில்லை. பிறகு அதை அடுப்பில் போட்டுவிட்டேன். நான் எழுதுவது யார் கைக்குப் போகும், யார் வாசலில் போய் நிற்கும் என்று எனக்கு இப்போது தெரியாது.

திட்டம் நன்றாக இருக்கிறது. எல்லோரும் சொல்வது போலவே செய்யுங்கள். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள்.

அன்புடன்,
தங்கை